அவுட் கேட்காத மச்சான்

மச்சான் பந்து போட்டால் அம்பயரைத் திரும்பிப் பார்க்க மாட்டார். பேட்டின் விளிம்பில் பந்து உரசி டொக்கென்று சத்தம் வரும். பின்னால் நான் பிடித்திருப்பேன். பக்கத்தில் நிற்பவன் துள்ளிக்கொண்டிருப்பான். மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கூட நின்று 'அவுட்டு' என்பார். பந்து போட்ட மனுஷன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த பந்துக்கு ஓட ஆரம்பிக்கும் இடத்தைப் பார்த்து நடந்துபோய்க்கொண்டிருப்பார். கையைத் தூக்குவது, அம்பயர் முன்னால் குந்தி உட்கார்ந்து கத்துவது, தலையில் கைவைத்துக்கொள்வது, எதுவும் அவரிடம் கிடையாது. கிரிக்கெட்டில் அவுட்டா என்று கேட்டால்தான் அவுட். யாரும் கேட்காவிட்டால் அம்பயர் பாட்டுக்குக் காதைக் குடைந்துகொண்டு நிற்கலாம். அதனால் அவருக்கும் சேர்த்து விக்கெட் கீப்பராகிய நான் கத்தினேன். இன்று என் குரல் ஓட்டைத் தகரம் மாதிரி இருப்பதற்கு அவர்தான் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். 

அவர் என் அத்தை மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நேரில் வா, போ என்றுதான் பேசுவேன். இங்கே 'அவர்' என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் காலனி ஆள் ஒருவரை ஊருக்குள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் எழுதுகிற இடத்தில் என்னை யார் தடுக்கப் போகிறார்கள்? பெயரைப் போட மாட்டேன், போட்டால் அவருக்குப் பிடிக்காது.

எங்கள் காலனி செம்மங்குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சிப்காட் கம்பெனிகளுக்கும் ஊருக்கும் நடுவே இருந்தது. சுனாமி வந்த மறுவருஷம்தான் நாங்கள் டீம் ஆரம்பித்தோம். ஊரில் ஏற்கெனவே ஒரு டீம் இருந்தது. தை பிறந்தால் ஊர்க்காரர்கள் ஏரிக்கரையை ஒட்டிய மைதானத்தில் டோர்னமெண்ட் நடத்துவார்கள். சுற்றுவட்டாரத்து அணிகள் அனைத்தும் வருக என்று மைக்கில் கூப்பிடுவார்கள். அந்த 'அனைத்தும்' என்பதில் நாங்கள் இல்லை. இது யாரும் எழுதி ஒட்டின சட்டம் அல்ல, எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அவ்வளவுதான். அதனால் நாங்கள் வேறு காலனிகளோடு ஆடினோம். கடலூர் ஓல்டு டவுனில் தொடங்கி சிதம்பரம், பிச்சாவரம் வரைக்கும் காலனிக்குக் காலனி டோர்னமெண்ட் உண்டு. எங்கள் கேப்டன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். டீம் மொத்தமும் அந்த ஒரு ஆட்டோவில் போய் இறங்கும். இறங்கும்போது பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த வண்டியில் வந்தவர்களை எண்ணிப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

மச்சான் அந்த வட்டாரத்தில் மூன்று சீசன் பந்து போட்டார். மூன்றே சீசன்தான். அதற்குள் புவனகிரியிலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஒல்லி உடம்பு. முழங்கைக்குக் கீழே மட்டும் யாருடைய கையையோ வாங்கி மாட்டினது மாதிரி நீளம். டென்னிஸ் பாலில் அந்த வேகத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. அதைவிட அதிசயம் அவர் குறி. காலுக்கு அடியில் வந்து விழும் பந்து, அடுத்த நொடி ஸ்டம்ப் இருக்காது.

ஏன் மச்சான் கேட்க மாட்டேன் என்கிறாய் என்று ஒருநாள் சலித்துப்போய்ச் சண்டை போட்டேன். எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டிங் பிடிக்கிற டீம்தான் அம்பயரையும் கொடுக்கும். அதாவது, எதிரிக்கு மாமனோ சித்தப்பனோதான் நமக்கு நீதிபதி. அந்த ஆளிடம் கத்திக் கெஞ்சி, நாலு பேர் சூழ்ந்து நின்று மிரட்டி, ஒரு அவுட்டைப் பிடுங்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிரிக்கெட்டில் பாதி திறமை தொண்டையில்தான் இருக்கிறது. மச்சான் பந்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஸ்டம்பு வுழுந்தா யாரையாச்சும் கேக்கணுமா மாப்ள? வுழுந்துது, அவ்ளோதான். அதப் போட்டுட்டுப் போறேன், வுடு."

அதுதான் அவர் கொள்கை. அந்த மூன்று சீசனில் அவர் எடுத்த விக்கெட்டில் பெரும்பாலும் ஸ்டம்ப் பறந்தது. மீதி, நான் கத்தி வாங்கியது.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும், அதைச் சொல்வேன் என்று காத்திருப்பீர்கள். நானும் தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே பாலுக்கு அழ மாட்டான் என்று அத்தை சொல்வாள். அத்தை பேச்சை நம்ப முடியாது. பக்கத்து வீட்டு ஆடு காணாமல் போனதற்குக்கூட அவளிடம் ஒரு பிறவிக்கதை இருக்கும்.

மைதானத்தில் மட்டும் என்றால் ரசித்துவிட்டுப் போகலாம். வாழ்க்கையிலும் அப்படியே இருந்தார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டிரம் உருட்டுகிற கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. நானும் சில மாதம் அங்கே லோடு ஏற்றினேன். ரப்பர் கிளவுஸ் எல்லாம் மேஸ்திரி அறையில் பூட்டி இருக்கும். காலையில் போய் அவர் முன்னால் நின்று கேட்டால் நாலு வார்த்தை திட்டிவிட்டு எடுத்துக் கொடுப்பார். எல்லாரும் திட்டு வாங்கிக்கொண்டு கிளவுஸ் வாங்கினோம். மச்சான் வாங்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு வேலை செய்தார். உள்ளங்கை தோல் உரிந்து, வெடித்து, சோறு பிசையும்போது முகம் சுளிப்பார். போய்க் கேளேன் மச்சான் என்று நான் கிட்டத்தட்டக் கெஞ்சினேன்.

"வேலைக்குக் கூப்ட்டவனுக்கு எனக்குக் கையிருக்குதுன்னு தெரியாதா?" என்றார்.

இதைக் கேட்டு அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால் பொய். எரிச்சலாக இருந்தது. இந்தப் பிடிவாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று பயமாகவும் இருந்தது. கடைசியில் அவருக்கும் சேர்த்து ஒரு ஜோடி நானே கேட்டு வாங்கினேன். மைதானத்தில் செய்த வேலையைத்தான் அங்கேயும் செய்தேன். கொடுத்ததும் மறுக்காமல் போட்டுக்கொண்டார். அந்த விஷயத்தில் வீம்பு கிடையாது. கேட்பதுதான் ஆகாது.

கல்யாணக் கதையைச் சொல்லாமல் விட்டால் டீம் ஆட்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற ரோட்டில் ஒரு காலனி. அங்கே ஒரு மேட்ச். பேட்டிங் பிடித்த பையன் பேட்டில் பட்டு வந்த பந்தை நான் பிடித்தேன். அம்பயராக நின்றவர் அந்தப் பையனின் அப்பா. சத்தம் பக்கத்து ஊரான கிள்ளை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். நான் கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போனேன். இந்தப் பக்கம் மச்சான் திரும்பி நடந்தார், ஓடி வந்தார், அடுத்த பந்தில் நடு ஸ்டம்ப் அடியோடு பிடுங்கிக்கொண்டு என் காலடியில் வந்து விழுந்தது. மகன் அவுட்டானதற்கு அந்த மனுஷன் கைதட்டினார். சாயங்காலம் எங்கள் எல்லாருக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு, நண்டுக் குழம்பு. பரிமாறியது அவர் மகள். மச்சான் இலையில் குழம்பு தீர்ந்துபோய் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், கேட்கவில்லை. அந்தப் பெண் பார்த்துவிட்டு வந்து ஊற்றினாள். ஊற்றிவிட்டு, வாய் இருக்குதா இல்லியா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து மச்சான் சிதம்பரம் பக்கம் மேட்ச் என்றால் முதல் ஆளாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருப்பார். விஷயம் எங்களுக்குப் புரிந்துவிட்டது. அத்தை தட்டு வரிசை எல்லாம் யோசித்து, பெண் கேட்கப் போகலாம் வா என்றாள். வர மாட்டேன் என்றார். பிடிக்கவில்லையா? பிடித்திருக்கிறது. அப்புறம் என்ன? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நான்கைந்து மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் அந்தப் பெண் தன் அப்பாவிடம், அந்த ஆள் கேட்க மாட்டார், நீங்களே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் பழத்தட்டோடு எங்கள் காலனிக்கு வந்து இறங்கினார். அவுட்டைக் கொடுக்காத மனுஷன் பெண்ணைக் கொடுத்துவிட்டாரே என்று கல்யாணப் பந்தலில் நாங்கள் பாட்டுக் கட்டிப் பாடினோம். மாமனாரும் சேர்ந்து சிரித்தார். மச்சானைக் கட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண்ணை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், நல்ல மனுஷி. ரேஷன் கடை, பால்வாடி, கம்பெனி மேஸ்திரி, எல்லா இடத்திலும் மச்சான் பங்குக்கும் அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

இனி அந்த மேட்ச்.

மூன்றாவது சீசனில் ஊர் டோர்னமெண்டுக்கு வருவதாகச் சொன்ன ஒரு அணி கடைசி நேரத்தில் வரவில்லை. ஊர்க் கமிட்டியில் சில இளவட்டங்களுக்கு மச்சானின் பந்தைப் பார்க்க ஆசையும் இருந்தது. எங்கள் கேப்டனைக் கூப்பிட்டு, உங்கள் டீம் வரட்டும் என்றார்கள். கூடவே ஒன்று சொன்னார்கள். தகராறு இல்லாமல் ஆடிவிட்டுப் போனால் அடுத்த வருஷத்திலிருந்து சுற்றியிருக்கிற காலனி டீம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வோம். ஏதாவது கலாட்டா என்றால் இதுதான் முதலும் கடைசியும். கேப்டன் எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சத்தியம் வாங்கினார். எங்களுக்கு அந்தக் கோப்பை பெரிதில்லை. பின்னால் வரப்போகிற அத்தனை காலனிப் பையன்களுக்கும் அந்த மைதானம் திறக்குமா மூடுமா என்பது அன்று எங்கள் நடத்தையில் இருந்தது.

முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்தோம். மச்சான் போட்டதில் ஸ்டம்ப் ஒன்று இரண்டாகப் பிளந்தே போனது. பைனலில் எதிரே நின்றது ஊர் டீம். நாங்கள் அடித்த ரன்னை அவர்கள் துரத்தினார்கள். கடைசி ஓவர் மச்சானுடையது. ஊர் டீமில் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு விக்கெட் விழுந்தால் நாங்கள் ஜெயித்தோம். மூன்று ரன் எடுத்தால் அவர்கள் ஜெயித்தார்கள். மச்சான் நின்ற முனையில் அம்பயராக இருந்தவர் ஊரில் உரக்கடை வைத்திருந்த பெரியவர். அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரையில் நின்று ஊரே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது.

மச்சான் போட்டார். பேட்டில் உரசிக்கொண்டு வந்த பந்தை நான் பிடித்துக்கொண்டு, என் ஆயுசுக்கும் கத்தாத கத்தலாகக் கத்தினேன். அம்பயர் என்னைப் பார்க்கவே இல்லை. நடந்துபோய்க்கொண்டிருந்த மச்சானின் முதுகைப் பார்த்தார்.

"பவுலரு கேக்கலியே. அவன் கேக்கட்டும், குடுக்கறேன்."

டீமில் யார் கேட்டாலும் போதும் என்பது விதி. அவருக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தில் விதி பேசினால் அதற்குப் பெயர் தகராறு. கேப்டன் மச்சானிடம் ஓடினார். ஒரே ஒரு தடவை கேட்டுவிடு, கோப்பை நம்முடையது என்று கெஞ்சினார். நானும் கீப்பிங்கை விட்டுவிட்டு ஓடினேன். மச்சான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்.

"போய் நில்லு மாப்ள. இன்னும் பந்து இருக்குது."

போய் நின்றேன். அவர் ஓடி வந்தார். நான் பந்தைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டேன். நடு ஸ்டம்ப் என் தோளுக்குப் பக்கமாகப் பறந்தது. நாங்கள் எல்லாரும் கத்திக்கொண்டு மச்சானை நோக்கி ஓடினோம். நாலு அடி ஓடியதும் கால் தானாக நின்றுவிட்டது. அம்பயர் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். நோ பால். கோட்டைத் தாண்டிக் கால் வைத்துப் போட்டதாகக் கணக்கு. ஸ்டம்ப் விழுந்ததும் செல்லாது, அவர்களுக்கு ஒரு ரன்னும் சும்மா.

மைதானத்தில் அதைப் பார்க்காத ஒரே ஆள் மச்சான். வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நாங்கள் வந்து மேலே விழுவோம் என்று அவருக்கு நினைப்பு. ஆட்டம் முடிந்தது என்றல்லவா அவருக்குத் தெரியும்? தோளைத் தளர்த்திவிட்டு, நிதானமாக, சிரித்துக்கொண்டு நடந்தார். யாரும் வரவில்லை என்றதும் திரும்பினார். அந்த நீட்டிய கையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.

திரும்பி வந்தார். அம்பயர் எதிரில் நின்றார். அதற்குள் நானும் பக்கத்தில் வந்துவிட்டேன்.

"என் காலு எங்க வுழுந்துது சார்?" என்று கேட்டார்.

நான் அறிந்து அவர் ஒரு மனுஷனிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் உயரவில்லை. காலையில் பிட்சுக்குத் தண்ணீர் அடித்திருந்தார்கள். மண் இன்னும் பதமாக இருந்தது. மச்சான் வெறுங்காலோடு போடுகிறவர். அஞ்சு விரலும் குதிகாலும் அச்சு வைத்த மாதிரி தெளிவாக விழுந்திருந்தது, முழுப் பாதமும் கோட்டுக்கு உள்ளே. மச்சான் குனிந்து விரலால் அதைக் காட்டினார். அம்பயரும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்து, செருப்புக் காலோடு அந்தத் தடத்தின்மேல் நின்றுகொண்டார்.

"கோட்டத் தாண்டிடுச்சு. எல்லைய பாத்துக் கால வையி," என்றார்.

தெரியாமல் நின்றிருப்பார் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். தெரிந்துதான் நின்றார். எங்கள் பையன் ஒருவன் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். கரையிலிருந்து ஊர் ஆட்கள் உள்ளே இறங்க ஆரம்பித்தார்கள். கேப்டன் வாய் திறக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தார். இன்னும் ஒரு வார்த்தை போதும், அந்த மைதானம் எங்களுக்கு என்றைக்கும் இல்லை என்று ஆகியிருக்கும். மச்சான் போய் அந்தப் பையன் கையிலிருந்த ஸ்டம்பை வாங்கி, அதன் இடத்திலேயே நட்டு, மட்டம் பார்த்து அழுத்தினார்.

"வுடுங்கடா. ஆடலாம்," என்றார்.

அடுத்த பந்துக்கு ஓடி வந்தார். நான் பந்தைப் பார்க்காமல் அவர் காலைப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு கஜம் பின்னாலேயே கால் விழுந்துவிட்டது. இனி எவனும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று அத்தனை தூரம் தள்ளி வைத்துவிட்டார். அவ்வளவு பின்னாலிருந்து வந்த பந்தில் வேகம் இல்லை, குறியும் இல்லை, நின்று நிதானமாக வந்தது. பேட்ஸ்மேன் அடித்தான். நாலு ரன். ஊர் ஜெயித்தது. பட்டாசு வெடித்தார்கள்.

மைக்கில் எங்களை ஒழுக்கமான டீம் என்று பாராட்டினார்கள். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்கள், அதை நான் மறைக்கவில்லை. அடுத்த தையில் எங்களுக்கு மட்டுமல்ல, சுற்றியிருக்கிற காலனி அணிகள் அத்தனைக்கும் அழைப்பு வந்தது. இப்போது அங்கே ஆடுகிற பையன்களுக்கு ஒரு காலத்தில் நம்மைச் சேர்க்க மாட்டார்கள் என்பதே கட்டுக்கதை மாதிரி இருக்கும். நல்லதுதான். ஆனால் அதை யாராவது நல்லது என்று சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது.

அழைப்பு வந்த அந்தத் தைக்கு முன்னால் மச்சானும் எங்களோடு பிராக்டீஸ் செய்தார். கோபித்துக்கொண்டு ஒதுங்கினார் என்று நினைக்காதீர்கள். ஆடத்தான் ஆசைப்பட்டார். எங்கள் காலனிக்குப் பின்னால் இருக்கும் கொல்லையில் தினமும் சாயங்காலம் ஓடி வந்து போட்டார். ஒவ்வொரு பந்துக்கும் கால் கோட்டுக்கு ஒரு கஜம் பின்னாலேயே விழுந்தது. முன்னால் வா மச்சான் என்று கத்தினேன். வருகிறேன் என்பார். வராது. கேப்டன் யோசித்து, கோட்டையே ஒரு கஜம் பின்னால் தள்ளிப் போட்டார். கால் அதற்கும் ஒரு கஜம் பின்னால் விழுந்தது. சரி, கோடே வேண்டாம் என்று காலால் அழித்துவிட்டோம். மச்சான் பாதி ஓட்டத்தில் நின்று, கோடு எங்கேடா என்று தேடினார். சின்னப் பையன்கள்கூட அவர் பந்தை அடித்தார்கள். பந்தைப் பொறுக்கப் போகிற சாக்கில் அக்கா வேலிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஒருநாள் பிராக்டீஸ் நடுவே அவர் என்னிடம் நடந்து வந்தார். ஆட்டத்தை விடப் போகிறார் என்று புரிந்ததும் நான் முந்திக்கொண்டேன். அது பொய் மச்சான், உன் கால் உள்ளேதான் இருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். பந்தை என் கையில் வைத்தார்.

"பொய்னு எனக்குத் தெரியுது மாப்ள," என்றார். "காலுக்குத் தெரிய மாட்டேங்குது."